லாபிஸ் வரைபடத்தின் இருபதாவது ஆள்

காலை 7.30. ஜொகூர் பாரு, லார்கின் பேருந்து நிலையம். லாபிசுக்குப் பேருந்துக் கட்டணம் பதினெட்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். அங்கே நடக்கும் வரைபடக் கூட்டத்துக்கு வந்தால் பயணச் செலவைத் திருப்பித் தருவார்கள் என்று கேள்விப்பட்டதுமே கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. கிளம்ப எனக்கு ஒரு சாக்கு போதும். யோங் பெங் தாண்டியதும் செம்பனை மரங்கள் இருபுறமும் மழையில் கைதட்டிக்கொண்டே வந்தன.

10.15. லாபிஸ். தண்டவாளம் ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது. மண்டப வாசலில் வரவேற்றவர் புவனா, இடைநிலைப்பள்ளி ஆசிரியை. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் லாபிசின் கடைகளையும் தோட்டத்துச் சாலைகளையும் பதிக்கத் தன்னார்வலர்களைக் கூட்டியிருந்தார். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று நிதி தருகிறது: வண்டிக்கூலி, சாப்பாடு, ஆளுக்கோர் எனாமல் கோப்பை.

"பரிசு அவ்வளவுதானா?" என்றேன்.

"போன தடவை அதிகமா பதிச்சவங்களுக்குக் கைப்பேசி கொடுத்தோம். ஒருத்தர் ஒரே ரோட்டை நாப்பது துண்டா வரைஞ்சு வாங்கிட்டுப் போயிட்டாரு. இப்ப எல்லாருக்கும் கோப்பைதான் லா."

நிபந்தனை ஒன்று உண்டு. மாலை ஐந்துக்குள் இருபது பேராவது வரைபடத்தில் ஆளுக்கொரு பதிவாவது செய்திருக்க வேண்டும். அப்போதுதான் கடலோர ஊரான மெர்சிங்கில் அடுத்த கூட்டம் நடத்தப் புவனாவுக்குப் பணம் வரும். சிகாமட்டிலிருந்து வரவேண்டிய மூவரை மழை நிறுத்திவிட்டது. என்னையும் சேர்த்துப் பத்தொன்பது.

1.00. உணவுக்கடை காதர் அண்ணன் சோறும் கோழிப் பிரட்டலும் கொண்டுவந்து இறக்கினார். சாப்பிட்ட கை காய்வதற்குள், நன்றிக்கடனாக அவர் கடையை வரைபடத்தில் பதித்தேன்.

4.20. பாத்திரம் எடுக்கத் திரும்பி வந்தார். இன்னும் பத்தொன்பதுதான்.

"அண்ணே, ஒரே ஒரு பதிவு. அஞ்சு நிமிஷம்," என்றார் புவனா.

"அடுப்புல கொழம்பு கெடக்கும்மா."

"கோப்பை தருவோம்."

"தெனம் எரநூறு கோப்பை கழுவுறேன். இன்னொண்ணா?"

அண்டாவைத் தூக்கியவரின் கண் என் திரையில் விழுந்தது. அண்டா மெல்லக் கீழே இறங்கியது.

"இது யாரு கடை?"

"உங்களுதுதான் அண்ணே," என்றேன் பெருமையாக.

"என் கடையைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வச்சது யாரு?"

கையைத் தூக்கினேன்.

"எந்த ஊரு?"

"ஜொகூர் பாரு, பெர்மாஸ் ஜெயா."

"அதான்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புவனா அவசரமாக அவருக்கொரு கணக்குத் திறந்து கொடுத்தார்.

4.41. கடை தண்டவாளத்தைக் கடந்து வீடு திரும்பியது. இருபது. மண்டபமே கைதட்டியது. புவனா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அண்ணனோ எழுந்திருக்கவில்லை. முடிதிருத்தும் கடை, தொழுகை நடக்கும் சூராவ், கிளினிக் என்று ஒவ்வொன்றாக வைத்தார். "இந்தச் சந்துல லோரி போவாது, யாரு போகும்னு போட்டது?" நடுவில் கடைக்குப் போன் செய்தார்: "கொழம்ப எறக்கி வையி. வேலையா இருக்கேன்."

6.10. பேருந்து நிறுத்தம். பெர்மாஸ் ஜெயாவில் என் தெருமுனையில் எந்தக் கடை எந்தப் பக்கம் என்று கேட்டால், நானே கைப்பேசியைத்தான் பார்ப்பேன். தப்பாக இருந்தாலும் அடுப்பை விட்டுவிட்டு வந்து சண்டை போட எங்களிடம் ஆளில்லை. இப்படி யோசித்துக்கொண்டிருக்கையில் காதர் அண்ணன் பையில் கட்டிய தே தாரிக் தேநீரோடு வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

"மெர்சிங்ல என் தம்பியும் கடை வச்சிருக்கான்," என்றார். "அதக் கடலுக்குள்ள வச்சிடுங்க. வந்துருவான்."