முகர்ந்து பார்த்த பாட்டில்

இன்று ஏற்காட்டில் தேன் வாங்கினேன். கடைக்காரப் பெண் ஒரு பழைய பாட்டிலை எடுத்தார். அவர் ஊற்றும் முன் நான் அதை வாங்கி முகர்ந்து பார்த்தேன்.

"ஏனுங்க, கழுவித்தானுங்க வெச்சிருக்கறேன்" என்றார், கொஞ்சம் கோபமாக.

இதே வார்த்தையை இதே ஊரில் முன்பும் கேட்டிருக்கிறேன்.

எண்பதுகளில் பி.ஃபார்ம். படித்தபோது, ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு இங்கே அனுப்பினார்கள். இருமல் மிக்சரை நோயாளிகள் கொண்டுவரும் பாட்டிலில்தான் அப்போது ஊற்றிக் கொடுப்போம்.

என் முதல் நாள். பக்கத்து வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஒரு அம்மா, இருமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மருந்தைத் துல்லியமாக அளந்துவிட்டு அவருடைய பாட்டிலைத் திறந்தேன். காப்பிச் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் நெடி குப்பென்று அடித்தது.

"கழுவித்தானுங்க கொண்டாந்தேன். போன வாரமும் இதுலதானுங்க வாங்கிட்டுப் போனேன்."

பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தேன்.

"குழந்தைக்குக் குடுத்தீங்களா?"

"எங்கீங்க? நொம்ப நாத்தம். அத்தனையும் கீழ ஊத்திப்போட்டேன். டாக்டர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி, திட்டுவாரு."

குழந்தை மறுபடியும் இருமியது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

சொன்னபடி மருந்து குடிக்காத நோயாளிகளால் என்னென்ன கேடு வரும் என்று அந்த வருடப் பரீட்சையில் கேட்டார்கள். பக்கம் பக்கமாக எழுதிப் பாஸானேன்; மருந்தைக் கீழே ஊற்றிய அந்த அம்மாவைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

அந்தப் பேப்பரை நீங்கள் திருத்தியிருந்தால் எத்தனை மார்க் போட்டிருப்பீர்கள்?