ஏழாம் நரம்பும் மஞ்சள் பெல்ட்டும்

2024 மார்ச் 11, திங்கட்கிழமை. காலை 4.45க்கு எழுந்தேன். 4.50க்குப் பல் துலக்கினேன். 5.00 முதல் 5.40 வரை மொட்டை மாடியில் பயிற்சி. 5.45க்குக் காபி. 6.00க்குச் சமையல்: புளிச்சாதம், உருளைக்கிழங்கு. 8.10க்கு வேலைக்குப் புறப்பட்டேன்.

அன்றைய வரிசையில் ஒரே ஒரு பிசகு. வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக ஒழுகியது. அதற்கும் நாட்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: "பிரஷ் பழசாகிவிட்டது. மாற்ற வேண்டும்."

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது நாளை காலை அப்படி ஒழுகினால், பிரஷ் மீது பழி போடாதீர்கள். நேராக மருத்துவரிடம் போங்கள். நான் அன்று முழுவதும் ஒவ்வொரு பொருளாகக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்யும் நிறுவனம் ஒன்றில் தரம் பார்ப்பவள் நான். துணி மீது லென்ஸ் வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று எண்ணுவது வேலை. மதியம் சாப்பிட்டபோது சோறு இடது கன்னத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. "அரிசி சரியில்லை" என்று குறித்தேன்.

மாலை 5.30க்கு மம்சாபுரத்தில் கராத்தே வகுப்பு. நான் நடத்துவது. இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2018 ஜூலையில் என் மகள் பெனிட்டாவைக் கராத்தேயில் சேர்த்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு நாற்பத்தொன்று. மூன்றாவது வாரமே அவள், "முட்டி வலிக்கும்மா, நீ வேணும்னா போ" என்றாள். மூன்று மாதக் கட்டணம் கட்டியிருந்தேன். போனேன். பெல்ட் வரிசைப்படி நிற்க வேண்டும் என்பதால் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசியாக நின்றேன். மாஸ்டர் பிரபாகருக்கு என்னைவிடப் பதிமூன்று வயது குறைவு. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மாஸ்டர் என்பேன். "அக்கா, இன்னும் இருபது தண்டால்" என்று மரியாதையாகத்தான் சொல்வார்.

ஐந்தரை வருடத்தில் கருப்பு பெல்ட் வாங்கினேன். ஆனால் எங்கள் சங்கத்தில் கருப்பு பெல்ட் மட்டும் போதாது. சொந்தமாக ஒரு வகுப்பை உருவாக்கி, அந்தப் பிள்ளைகள் முதல் தேர்வில் தேறி மஞ்சள் பெல்ட் வாங்கினால்தான் பயிற்சியாளர் சான்று. தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். நாற்பத்தேழு வயதில் ஒரு வருடம் என்பது சின்ன அளவல்ல. என் பதினொரு பிள்ளைகளுக்கும் மே 5 அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்வு.

அன்று மாலை விசில் ஊதினேன். எச்சில்தான் வந்தது. வேறு விசில் எடுத்தேன். அதிலும் எச்சில்தான்.

வகுப்பில் சின்னவள் யாழினி, எட்டு வயது, வரிசையை விட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"மாஸ்டர், எங்க அப்பாவப் பாத்துக் கண்ணடிச்சீங்க."

"நான் அடிக்கல."

"ரெண்டு தடவ அடிச்சீங்க. நான் எண்ணுனேன்."

வாசலில் அவள் அப்பா குனிந்து, காற்று நிறைந்திருந்த பைக் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் பால்ராஜ் என்னை உற்றுப் பார்த்தார். ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவர், அதிகம் பேசமாட்டார்.

"ஏட்டி ராணி, சிரி பாப்போம்."

"எதுக்கு?"

"சிரிட்டி."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆணியில் இருந்த வண்டிச் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் ஒருவர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலப்பக்கம் சுருங்கியது. இடப்பக்கம் இஸ்திரி போட்டது போல் கிடந்தது. கண்களை இறுக மூடச் சொன்னார். வலது கண் மூடியது, இடது கண் திறந்தபடி அவரையே பார்த்தது. யாழினியின் அப்பாவுக்கு நடந்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

"இது முகவாதம்மா" என்றார். முகவாதம் (முகத் தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பு வீங்கி, ஒரு பக்க முகம் செயலிழப்பது) பெரும்பாலும் தானே சரியாகும் நோய் என்றும் சொன்னார். பக்கவாதத்தில் (மூளைக்கு ரத்தம் தடைப்படுவது) பொதுவாக நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும். என் நெற்றியே சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் இந்த வித்தியாசத்தை நீங்களே வீட்டில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

நான் நிம்மதியானேன். அவர் சம்பிரதாயத்துக்காக, "செத்த அந்தச் சுவர் வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார். நடந்தேன். அவர் முகம் மாறியது.

"வலது காலை இழுக்கிறீங்களே. எப்ப இருந்து?"

"2018 ஆகஸ்டிலிருந்து சார்."

"அப்பவே டாக்டர்ட்டக் காட்டலையா?"

"அது வியாதி இல்ல சார். கராத்தே."

மருத்துவர் என் கணவரைப் பார்த்தார். கணவர், "கல்யாணம் பண்ணும்போது நல்லாத்தான் நடந்தா" என்று மட்டும் சொன்னார். அன்றே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, என்னைப் படுக்கையிலும் சேர்த்துவிட்டார்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை மருத்துவர் சிறு ரப்பர் சுத்தியலால் என் காலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிரபாகர் மாஸ்டர் ஆரஞ்சுப் பழங்களோடு வார்டுக்குள் நுழைந்தார். வாசலிலிருந்து என் கட்டில் வரை நடந்து வந்தார். மருத்துவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"சார், உங்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துருவமா?"

இருவர் நடையும் ஒன்று. மூன்றாவது அடியில் வலது பாதம் இலேசாகத் தரையில் இழுபடும்.

"எனக்கு முட்டிச் சவ்வு கிழிஞ்சது டாக்டர். சத்திரப்பட்டி ரோட்டுல பைக்ல விழுந்தேன். கட்டு பிரிச்ச பொறவும் கால் இழுக்கும்" என்றார் மாஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க ஏன் இழுக்கீங்க?"

"நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"நான் எங்கக்கா சொன்னேன்?"

"சொல்லல. செஞ்சீங்க."

"அது நொண்டல்க்கா."

வீட்டுக்குப் போயிருந்த கணவரை அழைத்து என் 2018 பயிற்சிக் குறிப்பேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆகஸ்ட் மாதப் பக்கத்தில் படத்தோடு இருந்தது: "மூன்றாம் அடி: வலது பாதம் நான்கு விரற்கடை இழுபட வேண்டும். கடினம். தினமும் ஐம்பது முறை." பழுப்பு பெல்ட் தேர்வில் தேர்வாளர் என் தாளில் "கால்?" என்று எழுதியிருந்தார். அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டு அன்று இனிப்பு வாங்கியிருந்தேன்.

மாஸ்டர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "எம்புட்டு கரெக்டா எழுதியிருக்கீங்க. என் முட்டிய எந்த டாக்டரும் இம்புட்டு கவனிச்சதில்ல" என்றார். மருத்துவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

சிகிச்சை எளிது. பொறுமைதான் கடினம். ஸ்டீராய்டு மாத்திரை (நரம்பின் வீக்கத்தைக் குறைப்பது) முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால் நல்லது. சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள், படிப்படியாகத்தான் நிறுத்தினார்கள். மூடாத கண் காய்ந்து புண்ணாகும் என்பதால் பகலில் சொட்டு மருந்து, படுக்கப் போகும்போது இமை மேல் துணி வைத்து ஒட்டுவது. ஒட்டும் பொறுப்பைக் கணவர் ஏற்றார். முதல் நாள் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"என்ன பாக்க?"

"எங்க கம்பெனித் துணி இல்ல. நூல் கம்மி."

"கண்ண மூடு" என்றவர், பிறகு, "சரி, மூடாண்டாம். நானே மூடுதேன்" என்று விரலால் இமையை இறக்கினார். அவருக்கு அவ்வளவு மெல்லத் தொடத் தெரியும் என்பதை இருபது வருட நாட்குறிப்பில் நான் எங்கும் எழுதவில்லை.

தினமும் மூன்று முறை கண்ணாடி முன் பயிற்சி. புருவம் தூக்க வேண்டும், கன்னம் உப்ப வேண்டும், ப, பி, பூ சொல்ல வேண்டும். ஆயிரம் குத்து குத்திய எனக்கு ஒரு "பூ" வரவில்லை. மதுரையில் படிக்கும் பெனிட்டா வீடியோவில் அழைக்கும்போது போனைத் திருப்பி வலப்பக்கத்தை மட்டும் காட்டினேன். நான்காம் நாள் அவள், "அம்மா, மூஞ்சிய முழுசாக் காட்டு" என்றாள். காட்டினேன். திரைக்கு அருகே வந்து பார்த்தாள். பிறகு, "அந்தப் பக்கம் இளமையா இருக்கும்மா, சுருக்கமே இல்ல" என்றாள்.

மார்ச் 22 அன்று வகுப்புக்குத் திரும்பினேன். முகக்கவசம் போட்டுப் பார்த்தேன், எண்ணிக்கை பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. கழற்றிவிட்டேன். அவர்கள் இரண்டு நாள் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

எனக்கு இருந்த ஒரே பயம் கால். என் நொண்டல், அதாவது மாஸ்டரின் நொண்டல், அதாவது சத்திரப்பட்டி ரோட்டின் நொண்டல், இந்தப் பதினொரு பேருக்கும் போய்விடக் கூடாது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். ஒவ்வொரு பாதமும், என்னுடையதும் சேர்த்து, கோட்டில் தூக்கி வைக்கப்பட வேண்டும். குனிந்து இருபத்திரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த மாதம்தான் அவர்களுக்கு முதல் கட்டாவை (தாக்குதலும் தடுப்பும் வரிசையாகக் கோத்த அடவுகள்) அதன் இரண்டு முழக்கங்களோடு சொல்லிக்கொடுத்தேன். முழக்கம் என்பது அடி முடியும் இடத்தில் வயிற்றிலிருந்து "கியாய்" என்று எழுப்புவது. நான் ஒரு முறை செய்து காட்டுவேன், அவர்கள் செய்வார்கள், நான் பாதங்களைப் பார்ப்பேன். ஏப்ரல் கடைசியில் ஓர் இழுவைகூட இல்லை. என் முகமும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பூ வந்துவிட்டது.

மே 5, ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். தேர்வாளர் மேடையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பழுப்பு பெல்ட்டுக்கு என்னைச் சோதித்த அதே பெரியவர். பிரபாகர் மாஸ்டரும் நானும் ஓரமாக நின்றோம். பதினொரு பேரும் தொடங்கினார்கள். பாதங்கள் அச்சில் வார்த்தது போல் விழுந்தன. மாஸ்டர் என் கையை இடித்தார். எட்டாவது அடி, முழக்கம்.

"கியாய்!"

பதினொரு வாய்களும் வலப்பக்கம் கோணின. பதினொரு வலது கண்கள் இறுக மூடின. பதினொரு இடது கண்கள் அகலத் திறந்து தேர்வாளரைப் பார்த்தன.

அவர் பேனாவை வைத்தார். "திரும்பச் செய்ங்க." திரும்பவும் அதே. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, காது சிவந்தது. யாழினியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா வாயக் கோணுத?"

"அப்படித்தான் செய்யணும் சார். மொதல்ல எனக்கு வரல. வீட்டுல கண்ணாடி பாத்துப் பழகுனேன்."

"யாரு உங்க மாஸ்டர்?"

முன்னால் போனேன். என் காலை ஒரு கணம் பார்த்தார். "நீங்க அந்தக் கால் அம்மாதான?"

"ஆமா சார். கால் சரியாயிருச்சு. நடுவுல முகவாதம் வந்தது."

நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. "எங்க, நீங்க போட்டுக் காட்டுங்க" என்றார். ஒரு வருடம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே காலை ஊன்றி, வயிற்றைப் பிடித்து முழங்கினேன். யாழினி என்னைக் கவலையோடு பார்த்தாள்.

"மாஸ்டர், தப்பாப் போடுறீங்க."

"என்ன தப்பு?"

"வாய் நேரா இருக்கு."

எட்டு வாரமாகத் தினமும் மூன்று வேளை கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்த செய்தி அது. எனக்குக் கண் கலங்கியது, இரண்டு கண்ணும் சேர்ந்து. பிரபாகர் மாஸ்டர் கைக்குட்டை கொடுக்க வந்தார். மூன்றாவது அடியில் அவர் வலது கால் இழுபட்டது. தேர்வாளர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். நான் சொன்னதை அப்போதுதான் நம்பினார்.

"கால் அடி பிரமாதம். முகத்துக்குப் பாடத்திட்டத்துல மார்க் கிடையாது" என்று பதினொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார். மஞ்சள் பெல்ட்டுகளை நானே கட்டிவிட்டேன். என் சான்றிதழ் விண்ணப்பத்தில் "பரிந்துரைக்கிறேன்" என்று எழுதி, அதன் கீழே இன்னொரு சொல்லும் எழுதினார்: "முகம்?"

முழுக்கப் பழையபடி ஆகவில்லை. சிரித்தால் இடது கண் கொஞ்சம் சுருங்கும். முன்பெல்லாம் என் உடம்பு எனக்கு மட்டும் சொந்தம் என்று கணக்கு வைத்திருந்தேன். இப்போது படியேறும்போது என் கால் எது, மாஸ்டரின் கால் எது என்று நின்று பார்க்கிறேன். மம்சாபுரத்தில் என் முகத்தின் எட்டு வாரங்கள் பதினொரு வீடுகளில் இருக்கின்றன. அவற்றைத் திரும்ப வாங்க எத்தனை மாதம் ஆகும் என்று நாட்குறிப்பில் எழுதவில்லை.

எது தவறான முழக்கம் என்று பிள்ளைகளுக்குக் காட்டினால்தான் திருத்த முடியும். ஆகவே மே 6, திங்கட்கிழமை, 4.45க்கு எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடி முன் நின்று வாயை வலப்பக்கம் கோண முயன்றேன். மூன்று முறை. வரவில்லை.