அம்மா பார்த்த வீடு

"நல்ல டிஸ்பிளே கார்டு ஒண்ணு வேணுமுங்க" என்று கேட்டேன். காந்திபுரத்தில் மாடிப்படி ஏறிப் போகிற கடை. கடைக்காரர் என்னை ஒரு முறையும், என் கையிலிருந்த டிபன் பையை ஒரு முறையும் பார்த்தார்.

"கேம் ஆடறதுக்குங்களா மேடம்?"

"இல்லீங்க. ஊடு கட்டறதுக்கு."

"பிளான் போடறதுக்குப் பழைய கார்டே போதுமுங்களே."

"பிளானெல்லாம் போட்டாச்சுங்க. உள்ள நடக்கோணும்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. நான் கம்ப்யூட்டர் என்று வாயைத் திறந்தாலே சிரிக்கிற ஆட்கள் அந்தத் தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரில் நிறையப் பேர் இருந்தார்கள். நான் ஒரு கட்டட இன்ஜினியர் ஆபீசில் கம்ப்யூட்டரில் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். ஆபீசில் கழித்துவிட்ட ஒரு மெஷினை வாங்கி வீட்டிலும் வைத்திருந்தேன்.

வீடு என்றால் சிங்காநல்லூரில் லைன் வீடு. வரிசையாக எட்டு வீடுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகக் குளியலறை. எங்களுக்கு இரண்டு அறை. அப்பா மில்லில் எலெக்ட்ரிக்கல் செக்‌ஷனில் இருந்தவர். மில்லை மூடியதும் வீட்டு முன்னறையிலேயே மோட்டார் ரீவைண்டிங் ஆரம்பித்துவிட்டார். காயில் கம்பியும் வார்னிஷ் வாடையும் அந்த அறை முழுக்க இருக்கும். எங்கள் சோற்றில்கூட வார்னிஷ் மணக்கும் என்று அம்மா சொல்வாள். அம்மாவும் அதே மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங்கில் இருந்தவள்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து துடியலூர்ப் பக்கம் வீடு கட்டச் சின்னதாக ஒரு சைட் வாங்கிப் போட்டிருந்தார்கள். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அப்பா காலடி வைத்து அளப்பார். நான் குச்சியால் கோடு போடுவேன். அம்மா ஓரமாக நின்று சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொள்வாள். உனக்கு எப்படி வேண்டும் என்று நாங்கள் இருவரும் அவளைக் கேட்டதே இல்லை. அவளும் சொன்னதில்லை.

அப்புறம் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். எடுத்தார்கள். வேறு இடத்துக்குப் பரவிவிட்டது என்றார்கள். சைட்டை விற்றோம். பட்ட காலிலேயே படும் என்பதுபோல அதற்கப்புறமும் ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவங்களுக்குப் பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிடித்தது என்று அம்மா எதையும் கேட்கவில்லை. ஒருநாள் நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த ஊட்டைக் கட்டியிருந்தா எப்படி இருந்திருக்கும் கண்ணு?"

நோய் முழுக்க அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாளே வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த வீட்டைக் கட்ட ஆரம்பித்தேன். தாளில் வரைகிற பிளான் இல்லை. சுவர் நிற்கும், ஜன்னல் திறக்கும், வாசலில் நுழைந்து அறை அறையாகப் போய் வரலாம். அப்படிப்பட்ட சாஃப்ட்வேர் ஆபீசில் இருந்தது. ஆசை யாரை விட்டது? மாடிப்படி வைத்தேன், பால்கனி வைத்தேன், ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் ஆர்ச் வைத்தேன். வீடு அழகாக நின்றது. ஆனால் உள்ளே நடக்கப் போனால் பழைய கார்டு மூச்சு வாங்கியது. ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால்தான் அடுத்த அடி. அம்மாவால் அத்தனை நேரம் உட்கார முடியாது. அதற்காகத்தான் புதுக் கார்டு.

புதுக் கார்டுக்குப் பழைய எஸ்.எம்.பி.எஸ். இழுக்காது என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக் கரண்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்குள் பிரித்துக் கொடுக்கிற, விசிறி வைத்த தகரப் பெட்டிதான் அது. அதையும் வாங்கி வந்தேன். அப்பாவுக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"எச்.பி. பத்துலீன்னு சொல்லு" என்றார், மோட்டார்க் கணக்கில்.

நாங்கள் இருவருமே மாட்டினோம். மேசையைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டு, பின்பக்கமாக நின்று, மோட்டாருக்கு ஊதுகிற புளோயரால் அப்பா தூசியை ஊதினார். நான் கார்டைச் செருகினேன். அவர் பெட்டியைப் பொருத்தித் திருகாணி முடுக்கினார். முடுக்கும்போதுதான் அதன் முதுகில் இருந்த சிவப்பு சுவிட்சைப் பார்த்தார். ஒரு பக்கம் 230, மறுபக்கம் 115.

"இதென்ன அம்மணி, ரெண்டு நெம்பரு?"

"அது வெளிநாட்டுக்குங்கப்பா. அங்கெல்லாம் வோல்ட்டு கம்மி."

"அப்பச் சாயந்திரமானா நம்ம லைனும் வெளிநாடுதான்" என்றார் அப்பா.

உள்ளே படுத்திருந்த அம்மாகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் சாயங்காலமானால் வோல்ட் விழுந்து டியூப்லைட் எரியாது. குண்டு பல்பு மட்டும் நெருப்புக்குச்சி மாதிரி சிவந்து கிடக்கும்.

புதுக் கார்டில் வீடு வழுக்கிக்கொண்டு ஓடியது. வாசலில் நுழைந்து, ஆர்ச்சைத் தாண்டி, படியேறி, பால்கனியில் போய் நின்றேன். அம்மாவிடம் சொன்னேன், நாளைக்குப் பார்க்கலாம் என்று. பிளாப்பியில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்றால், அந்த வீடு பிளாப்பிக்குள் அடங்குகிற வீடாக இல்லை.

காலையில் அம்மாவால் உட்காரவே முடியாது. நாலு மணி மாத்திரைக்கு அப்புறம்தான் வலி கொஞ்சம் இறங்கும். ஆகவே சாயங்காலம்தான் வைத்துக்கொண்டோம். நான் அவளுக்கு முகம் துடைத்து, வேறு சேலை உடுத்திவிட்டேன். புது வீட்டுக்குப் போகிறோமே என்று அவளே அதைக் கேட்டாள். அப்பா மெஷினைப் போட்டார். அது போட்டதும் அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது. வோல்ட் விழுந்துவிட்டது. நான் உள் அறையில் அம்மாவை மெல்ல எழுப்பி நிறுத்திக்கொண்டிருந்தேன். முன்னறையில் அப்பா மீட்டர் வைத்துப் பார்ப்பது கேட்டது.

"வந்துருச்சு அம்மணி, கூட்டீட்டு வா" என்றார்.

நான் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் தலையணை வைத்து உட்கார வைத்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மேசைக்குப் பின்னால், மானிட்டரின் முதுகுப் பக்கம் நின்றிருந்தார். முகமெல்லாம் பெருமை. வோல்ட் ஏறிவிட்டது என்று நான் நினைத்தேன். பல்பு சிவப்பாகவே இருந்ததைக் கவனிக்கவில்லை.

கிணற்று மோட்டார்களைக் குறைந்த வோல்ட்டில் ஓடுகிற மாதிரி மாற்றிச் சுற்றிக் கொடுப்பதில் அப்பா கெட்டிக்காரர். காங்கேயத்திலிருந்தெல்லாம் வண்டி வைத்துக்கொண்டு வருவார்கள். வோல்ட் கம்மியானால் கம்மி வோல்ட்டுக்குத் தகுந்த இணைப்பு கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆயுசுக்கும் கற்ற பாடம். மீட்டர் நூற்று நாற்பது காட்டியிருக்கிறது. பெட்டியில் இரண்டு எண் இருக்கிறது. நாற்பது வருஷ அனுபவத்தோடு, மனைவி பார்க்க வேண்டுமே என்கிற அவசரத்தோடு, சுவிட்சை 115-க்குத் தள்ளிவிட்டார். அது ஓடவும் ஓடியது. அவர் நினைத்தது சரிதான், வோல்ட் குறைவாக இருந்த அந்தச் சில நிமிஷங்களுக்கு.

நான் வீட்டைத் திறந்தேன். திரை சாம்பல் நிறமானது. நடுவில் அந்தச் சின்ன மணல் கடிகாரம் வந்தது.

"இரும்மா, சித்த நேரம். வந்துரும்."

அம்மா முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அப்போது தலைக்கு மேலே பல்பு பளிச்சென்று பிரகாசமானது. லைன் முழுக்கக் குழந்தைகள் கத்தினார்கள், கரண்ட் வந்துவிட்டது என்று. அப்பாவும் நிமிர்ந்து பல்பைப் பார்த்துச் சிரித்தார்.

பெட்டி வெடித்தது. பட்டாசு மாதிரி ஒரு சத்தம், நீலமாக ஒரு வெளிச்சம், அப்புறம் புகை. மானிட்டர் கறுத்துப்போனது.

அப்பா சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்தே நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ.

"ஏனுங்க" என்றாள் அப்பாவைப் பார்த்து. "நாந்தான் பாத்துட்டனுங்களே."

அப்பா பின்னால் நின்றவர். திரையில் என்ன வந்தது, வரவில்லை என்று அவருக்குத் தெரியாது.

"பாத்துட்டயா புள்ள?"

"பாத்தனுங்க. நல்லாருந்துச்சு."

கடைக்காரர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, கார்டு, போர்டு, ஹார்டு டிஸ்க் எல்லாமே போய்விட்டது என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மறுபடி கட்டுவதற்கு மெஷின் இல்லை. ஆபீசில் உட்கார்ந்து கட்டலாம் என்றால் அம்மாவை விட்டு என்னால் நகர முடியவில்லை. அவள் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தாள்.

அப்பா அதற்குப் பிறகு மோட்டாரைத் தொடவில்லை. யாராவது கொண்டுவந்தால், இப்பச் செய்யறதில்லீங்க, வேற பக்கம் பாத்துக்கங்க என்று அனுப்பிவிடுவார். முன்னறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அம்மா உள்ளே படுத்தபடியே அவரைக் கூப்பிடுவாள்.

"ஏனுங்க, அந்த ஊட்ல சமையக்கட்டு ஜன்னலு தெருவப் பாத்தாப்ல வெச்சிருந்தா நம்ம அம்மணி. போறவங்க வாரவங்களப் பாத்துட்டே வேலை செய்யலாமுங்க."

நான் சமையலறை ஜன்னலைப் பின்பக்கம் வைத்திருந்தேன். மறுநாள் இன்னொன்று சொன்னாள். குளிக்கிற அறை வீட்டுக்குள்ளேயே இருந்ததாம், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் குளிக்கலாமாம், கதவைத் தட்ட ஆள் இல்லையாம். அதற்கடுத்த நாள், வீட்டில் மாடிப்படியே இல்லை என்றாள். என் படியை அப்படி ஒரே வார்த்தையில் இடித்துவிட்டாள். எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"உங்களுக்குத் தனியா ஒரு ரூமுங்க. அக்கட்டால, தனி வாசலு. வார்னிஷ் வாடை ஊட்டுக்குள்ள வராது. மோட்டாரு பூராவும் அங்கதான்."

அதைச் சொன்ன அன்றைக்கு அப்பா எழுந்துபோய், மூலையில் கிடந்த ஒரு மோட்டாரை எடுத்துப் பிரித்தார். முன்னறையில் சுத்தியல் சத்தம் கேட்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எதற்காக அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் அந்த நேரத்துக்குப் புனைந்த பொய் இல்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. சைட்டின் ஓரத்தில் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றபோதே அவள் கட்டி முடித்திருந்த வீடு அது. பத்து வருஷமாக யாரும் கேட்காத வீடு.

ஆடி பிறப்பதற்கு முன்னால் அம்மா போய்விட்டாள். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா அதையே சொன்னார்.

"ஊட்டைப் பாத்துட்டுத்தானுங்க போனா."

நான் உள் அறைக்குப் போய் நின்றுகொள்வேன். அதைக் கேட்க என்னால் முடியவில்லை.

மழைக்காலம் வந்தபோது ஒரு மெஷினைத் தேற்றினேன். அம்மா சொன்ன வீட்டைக் கட்டினேன். ஜன்னல் தெருவைப் பார்த்து. குளியலறை உள்ளே, தாழ்ப்பாளோடு. படி இல்லை, பால்கனி இல்லை, ஆர்ச் இல்லை. அந்தப் பக்கமாகத் தனி வாசலோடு ஓர் அறை. முடித்ததும் அப்பாவை உட்கார வைத்து வாசலிலிருந்து நடத்திக் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தத் தனி அறைக்குள் போனதும், நில்லு என்று கையைக் காட்டினார்.

"முன்ன கட்டுனதும் இதேதானா அம்மணி?"

"இதேதானுங்கப்பா. எதும் மாத்தலீங்க."

அப்பா தலையை ஆட்டினார். கோபமே இல்லாமல், என்னைக் கேலி செய்கிற அந்தப் பழைய குரலில் சொன்னார்.

"எனக்கொரு ரூம் வெக்கோணும்னு உனக்கு எங்க தோணியிருக்கும்? இது அவ வெச்சதல்லோ."

அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை என்பது, அவள் சொல்லச் சொல்லவே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எழுந்துபோய் மோட்டாரைப் பிரித்திருக்கிறார், தன் பேச்சை அவர் நம்பிவிட்டார் என்ற நிம்மதியோடு அவள் போகட்டும் என்று.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். அம்மாவின் தலையணையை எடுத்து வந்து நாற்காலியில் சாய்த்து வைத்தார். அப்புறம் மேசையைச் சுற்றிப் போய், அன்றைக்கு நின்ற இடத்தில், மானிட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"இன்னொருக்கா வாசல்ல இருந்து காட்டு கண்ணு" என்றார். "மெதுவாப் போ. அவ பாக்கட்டும்."