அடைத்த கடைத்தெருவில் ஒரு பெயர்

என் வீட்டுக்காரர் பெயரை இதில் எழுதப் போவதில்லை. வெட்கம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத ஆள் வந்தபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னவள் நான். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது ஆயுசிலேயே ஒரே ஒரு நாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வேளை, திண்டுக்கல் கடைத்தெருவில்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதான் கடைகளில் கால் வைக்க இடமில்லை. நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசி. வாரத்தில் ஒரு நாள் கடையை அடைத்து வேலையாட்களுக்கு லீவு விட வேண்டும் என்று சட்டம் இருந்தது. எங்கள் ஊரில் அது ஞாயிறு. கடைகளுக்கு அப்போது ஷட்டர் கிடையாது. நெட்டுக்குத்தலாகப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி, குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டு, பூட்டுவார்கள். பூட்டு ஊரில் செய்த பூட்டு, கேட்க வேண்டாம். பூட்டிவிட்டு அதைப் பிடித்து ஒரு தொங்கு தொங்கிப் பார்க்காமல் எந்த முதலாளியும் வீட்டுக்குப் போனதில்லை.

அடைத்த பிறகு எல்லாக் கடையும் ஒரே கடைதான். பெயர்ப் பலகையை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். வாழைத்தார், பீடிக்காரர்களுக்கான நெருப்புக் கயிறு, தொங்கவிட்ட ஈயப் பாத்திரம் எதுவும் இருக்காது. இரண்டு பக்கமும் பலகை, பலகை, பூட்டு. நடுத்தெருவில் நாய்கள் படுத்திருக்கும். மற்ற நாளில் நாம் நிமிர்ந்து பார்க்காத மலைக்கோட்டைப் பாறை அன்றைக்கு இரண்டு அடி கிட்டே வந்து நிற்கும்.

என் வீட்டுக்காரர் அந்தத் தெருவில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். சட்டத்துக்குப் பயந்து உட்கார்ந்தால் தீபாவளிக்குச் சட்டை தைப்பது யார்? அதற்கு முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். தீபாவளிக்கு முந்தின மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமையும் கருக்கலிலேயே மூன்று பேரை உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போய்விடுவார். பொழுது சாய்ந்த பிறகு வந்து திறந்துவிடுவார். சைக்கிளில் வரும் லேபர் இன்ஸ்பெக்டர் பூட்டைப் பார்த்துத் திருப்தியாகப் போய்விடுவார். உள்ளே கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் மூன்று மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். குடிக்க ஒரு பானைத் தண்ணீர். ஒன்றுக்கு வந்தால் மூலையில் ஒரு டின். பின்வாசல் கிடையாது. வெளியே காலடி கேட்டால் மிதிப்பதை நிறுத்த வேண்டும். யார் தட்டினாலும் கூப்பிட்டாலும் மூச்சு விடக் கூடாது.

இதனால் ஊரில் ஒரு கதையே கிளம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை உச்சியில் அந்தத் தெருவில் தையல் மெஷின் ஓடுகிறது, கிட்டே போனால் நின்றுவிடுகிறது, எப்போதோ தூக்கு மாட்டிச் செத்த ஒரு தையல்காரன்தான் என்று. முதலாளிக்கு இந்தக் கதை ரொம்பச் சௌகரியம். வேடிக்கை என்னவென்றால், கடையில் துணி வெட்டும் வயசாளி ஒருத்தர் இருந்தார், மாஸ்டர் என்பார்கள். உள்ளே உட்கார்ந்து மெஷினை மிதிப்பவரே அவர்தான். அவரும் இந்தக் கதையை நம்பினார்.

எனக்கு அந்த வருஷம் தை மாசத்தில்தான் கல்யாணம். ஆவணி வரை சேவுகம்பட்டிப் பக்கம் கிராமத்தில் மாமியார் வீட்டில் இருந்தேன். எனக்கும் அத்தைக்கும் ஏழாம் பொருத்தம். நான் வைத்த வெஞ்சனத்தை ஒரு நாள் வாயில் வைத்து நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. ஆனால் மகன் மேல் உயிர். ஒரே பிள்ளை. ஊரார் அவர் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிடுவார்கள். அத்தை மட்டும் முழுப் பெயரையும் சொல்லி, கடைசி எழுத்தை இழுத்து, கிணற்றடியிலிருந்து தோட்டத்துக் கடைசிக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிடும். அந்தப் பெயரை முழுசாக நான் கேட்டது அந்த ஒரு வாயிலிருந்துதான்.

டவுனுக்கு வந்ததும் இவர் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ரகசியத்தைச் சொன்னார்.

"அங்கிட்டு வந்துறாத. வந்தாலும் எம்பேரச் சொல்லிக் கூப்புட்டுறாத. சோலி போயிரும்."

"நான் என்னைக்கு ஒங்க பேரச் சொல்லிருக்கேன்?" என்றேன்.

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

ஐப்பசியில் அடைமழை என்பார்கள். அந்த வருஷம் ஒரு தூறல் இல்லை, வெயிலில் கண் கூசியது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும், ஊரிலிருந்து பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருத்தர் வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்திருந்ததைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, கேதம் சொல்ல வந்திருக்கிறார் என்று.

"தாயி, ஒங்க அத்தை போயிட்டாக. கோழி கூப்புடுறதுக்கு முன்னாலயே போயிட்டாக. சனிக்கெழமைக் கணக்கு. சனிப் பொணத்த வச்சிருக்க மாட்டாக, பொழுதுசாயத் தூக்கிருவாக. மகன் எங்க? கொள்ளி வைக்கணும்ல?"

"வெளிய போயிருக்காக. கூட்டியாறேன்."

"வெரசா. இன்னும் ரெண்டு வீட்டுக்குச் சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். ரெண்டு மணி வண்டிய விட்டா மொகத்தக்கூடப் பாக்க முடியாது."

அவர் போனதும் நான் தெருவுக்கு ஓடினேன். சாவி வைத்திருந்த முதலாளியின் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பலனில்லை, அன்று சாவியோடு வெளியூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எப்படியாவது பலகைச் சந்து வழியாக இவருக்குச் சொல்லிவிட வேண்டும், பலகையை உடைத்துக்கொண்டாவது இவர் வந்துவிடுவார் என்பது என் எண்ணம்.

கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் எனக்குத் திக்கென்றது. எந்தக் கடை? இரண்டு தரம் பார்த்திருக்கிறேன், இரண்டு தரமும் திறந்திருந்தபோது. வாழைத்தாருக்குப் பக்கத்துக் கடை என்று அடையாளம் வைத்திருந்தேன். வாழைத்தார் எங்கே? தெரு முழுக்க ஒரு ஈ காக்கை இல்லை. என் நிழல் காலுக்கடியில் ஒட்டிக்கிடந்தது.

அப்போது மெஷின் சத்தம் கேட்டது. கடகடவென்று, ரொம்ப மெதுவாக. பாதித் தெருவுக்கு அப்பாலிருந்து வந்தது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இன்னும் பத்தடி என்று நினைத்தபோது நின்றுவிட்டது. முன்னால் இருந்த பூட்டைப் பிடித்து ஆட்டினேன். பலகையில் வாயை வைத்து, "நான்தான், நான்தான்" என்றேன். அடுத்த பூட்டை ஆட்டினேன். அதற்கடுத்ததை ஆட்டினேன். "நான்தான்." பூட்டுகள் வெயிலில் சுட்டன. பத்துக் கடை தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் மெஷின் மறுபடி ஓடியது.

திரும்பினேன். நின்றது. எதிர் வரிசைக்குப் போனேன். இந்த வரிசையில் ஓடியது. என் காலடியைக் கேட்டு இவர்கள் நிறுத்துகிறார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை. கழுத்து மயிர் சிலிர்த்துவிட்டது. ஆள் இருக்கிற தெருவில் ஆள் இல்லாத மாதிரி நடந்துகொள்வது எவ்வளவு பயங்கரம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். 'நான்தான்' என்றால் யார்? உலகத்தில் எல்லாரும் 'நான்தான்'. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஏங்க என்றால் மூன்று பேரில் யாருக்கு?

மணி ஒன்று இருக்கலாம். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. தெரு நடுவில் ஒரு பொதுக்குழாய் இருந்தது. அதன் பக்கத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. இன்னொரு தரம், இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். கடைசி எழுத்தை இழுத்து.

அப்போதுதான் காதில் விழுந்தது. அது என் குரல் இல்லை. அத்தை குரல். அத்தை கூப்பிடுகிற அதே இழுப்பு, அதே தூக்கல், என் தொண்டையிலிருந்து வந்தது. நான் அந்தப் பெயரை வேறு யாரிடம் கற்றேன், அது அப்படித்தானே வரும் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அந்த வெயிலில் என் பல் கிட்டிவிட்டது. விடிவதற்கு முன் செத்தவள் பூட்டிய தெருவில் நின்று மகனைக் கூப்பிடுகிறாள், என் வாயை இரவல் வாங்கி. மூன்றாவது தரம் கூப்பிட வாய் எடுத்தேன், வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடி, பக்கத்து வீட்டுக்காரியிடம் இவருக்குச் சேதி சொல்லி வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

"கடை பூட்டிக் கெடக்கு" என்று மட்டும் பெரியவரிடம் சொன்னேன். அது பொய்யில்லை. அவரோடு பஸ் ஏறினேன்.

ஊரில் எல்லாரும் எனக்குப் பின்னால் இவரைத் தேடினார்கள். பொழுது இறங்கும்வரை காத்திருந்தார்கள். அப்புறம் சனிப் பிணம் துணை தேடும் என்று பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டித் தூக்கினார்கள். பங்காளி மகன் கொள்ளி வைத்தான். அந்தக் குஞ்சு போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே போனது. ஏழாம் பொருத்தமாக இருந்த மாமியாருக்காக நான் அன்று அழுத அழுகையைப் பார்த்துப் பெண்கள் அதிசயப்பட்டார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இவர் வந்தார். வாசலில் வந்து நின்றவர் என்னிடம் வரவில்லை. கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"நேத்து மத்தியானம் அம்மா வந்துச்சு. தெருவுல நின்னு எம்பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு. எந்திரிச்சுட்டேன். மாஸ்டர்தான் வாயப் பொத்தி உக்கார வச்சிட்டாரு. உச்சியில கூப்புட்டா ஏன்னு கேக்காதடான்னு."

எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். உச்சியிலும் இருட்டிலும் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக் கூடாது. பேய் இரண்டு தரம்தான் கூப்பிடும். மூன்றாந்தரம் கூப்பிட்டால்தான் மனுஷக் குரல்.

"சொல்லிட்டுத்தான் போயிருக்கா, மகராசி" என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். கூட்டம் முழுக்க அதையே சொல்லி அழுதது. இவரும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொள்ளி வைக்காத மகனுக்கு அந்த ஒரு ஆறுதல். அது நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? புருஷன் பேரை நடுத்தெருவில் கூவினேன் என்று சபையில் சொல்வதா? அதற்குமேல், இன்னும் ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் இவர் ஏன் என்று கேட்டிருப்பாரே, இரண்டோடு நிறுத்திவிட்டேனே என்ற குற்றம் வேறு. வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதை ஐந்தாறு வருஷம் செய்தேன்.

இவர் அதன்பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் பூட்டுக்குள் போகவில்லை. சில வருஷத்தில் பழைய மெஷின் ஒன்று வாங்கி வீட்டு முன்னறையில் சொந்தமாகத் தைக்க ஆரம்பித்தார். ஞாயிறு லீவு. ஆனால் ஊரெல்லாம் அடைத்துக் கிடக்கிற அந்த உச்சி வேளையில் எங்கள் வாசல் கதவு மட்டும் விரியத் திறந்திருக்கும். சாத்த விடமாட்டார். எதற்கு என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தத் திறந்த கதவு வழியாக ஆடு ஒன்று வந்து கல்யாண மாப்பிள்ளைக்கு வெட்டி வைத்திருந்த சட்டைத் துணியில் ஒரு கையை மென்றுவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை.

"ஒங்க அம்மாவும் வரல, ஆவியும் வரல. அன்னைக்கு நான்தான் கூப்புட்டேன். கதவச் சாத்துங்க!"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"எங்க நின்னு கூப்புட்ட?"

"நடுத்தெருவுல. கொழாய்க்கிட்ட."

"எம்புட்டுத் தரம்?"

"ரெண்டு. அம்புட்டுத்தான். பயந்து ஓடியாந்துட்டேன்."

அவர் மெஷின் பலகை மேல் விரலை வைத்து, இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று தொட்டார். பிறகு கையைத் தன் பக்கம் இழுத்து, இன்னொரு இடத்தில் தொட்டார்.

"ரெண்டு தூரமாக் கேட்டுச்சு. அதுக்கு நான் அசையல" என்றார். "மூணாவது, கடைப் பலகைக்கு அந்தப் பக்கம், கிட்டக்க கேட்டுச்சு. அதுக்குத்தான் எந்திரிச்சேன்."

கதவைச் சாத்த எழுந்தவள் நான். சாத்தவில்லை. ஆட்டை மட்டும் விரட்டிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.