சகலையின் தறியில் என் கட்டைவிரல்

காலை ஆறு மணி. வேலூர் பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் வண்டியில் ஏறியபோது என் கையில் ஒரு பை, வயிற்றில் ஓர் எரிச்சல். பையில் சகலை வீட்டுக்கு வாங்கிய பேக்கரி பிஸ்கட்டும் ரஸ்க்கும். எரிச்சல் அந்தச் சகலை மேலேயே.

கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் மனைவியின் தங்கை கணவர் ஏகாம்பரத்துக்கும் ஒரே வயது, ஐம்பத்திரண்டு. நான் வேலூரில் படங்களுக்குப் பிரேம் போடுகிறேன். அவர் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறார். போன பொங்கலுக்கு அவர் வந்திருந்தபோது இருவரும் சேர்ந்து போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்குக் கெட்ட கொழுப்பு எக்கச்சக்கம். அன்றிலிருந்து நான் நெய்யைத் தொடவில்லை, முட்டையில் மஞ்சளை ஒதுக்கினேன், தோசையைக்கூட எண்ணெய் விடாமல் சுட வைத்தேன். போன வாரம் மறுபடி பார்த்தால் இன்னும் ஏறியிருக்கிறது!

"வெளியில என்னதான் சாப்பிடுறீங்க? அடுத்த தடவையும் இப்படியே இருந்தா இதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

"என் தங்கச்சி வீட்டுக்காரரு நெய்யிலயே முங்கி எழறாரு. அவருக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் மனைவி.

டாக்டர் சொன்னது பயம் தந்தது. மனைவி சொன்னதுதான் தூங்க விடவில்லை. அந்த மனிதர் அப்படி என்னதான் சாப்பிடுகிறார் என்று கண்ணால் பார்த்துவிடக் கிளம்பினேன்.

வேலூரிலிருந்து காஞ்சி எழுபது கிலோமீட்டர் சொச்சம். காவேரிப்பாக்கத்தில் வண்டி கொஞ்சம் நின்றது. நான் டீயும் இரண்டு உப்பு பிஸ்கட்டும் வாங்கினேன். பக்கத்து இருக்கையில் தாமல் ஊர் விவசாயி ஒருவர், வடையைப் பேப்பரில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"பாருங்க சார், வடையா இது? இத்த புழிஞ்சு தலைக்குத் தடவிக்கலாம். நீங்க உஷாரு, பிஸ்கட்டோட நிறுத்திக்கினீங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாமலில் அவர் இறங்கியபோது ஏரி கரை கொள்ளாமல் கிடந்தது. ஏரி மேலும் கொஞ்சம் பொறாமைதான். இவ்வளவு நிரம்பியும் அதைப் பார்த்து யாரும் குறைக்கச் சொல்வதில்லை.

காஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"பெருமாளப் பார்க்கவா, பொடவை பார்க்கவா சார்?" என்றார் ஓட்டுநர்.

"சகலையைப் பார்க்க."

"அப்ப வேட்டிய லூசா கட்டிக்கினு போங்க!"

ஒன்பது மணிக்குள் வீடு சேர்ந்தேன். ஏகாம்பரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும், மூங்கில் கூடையில் வெந்த குடலை இட்லி. அதன் தலையில் ஒரே ஒரு கரண்டி நெய். ஆள் பலகை மாதிரி இருந்தார். தொப்பை இருக்க வேண்டிய இடத்தில் பனியன் காற்றாடியது.

"வாங்க சகலை, குந்துங்க. கஸ்தூரி, சகலைக்கு நெய் ஊத்தும்மா."

"வேணாம்! நான் விட்டு எட்டு மாசம் ஆகுது."

கஸ்தூரி, என் மனைவியின் தங்கை, கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க அக்காதான் இப்படி ஆக்கி வெச்சிருக்குதா மாமா?" என்று சிரித்தாள்.

இரண்டு இட்லியோடு எழுந்து, டீ வந்ததும் என் பையைப் பிரித்து நாலு பிஸ்கட்டை நனைத்துத் தின்றேன். சகலையிடம் நீட்டினேன்.

"தறிக்கு எறங்கப் போறேன் சகலை. இது வேணாம்."

"நெய் இட்லி எறங்குது, பிஸ்கட் எறங்கலையா?"

அவர் சிரித்துவிட்டுக் குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். தறி இருக்கிற வீட்டில் அதுதான் வழக்கம்.

"மாமா, நீங்களும் கை கழுவிக்கினு போங்க" என்றாள் கஸ்தூரி.

"எண்ணெய்ப் பலகாரம் எதையும் நான் தொடலம்மா. வெறும் பிஸ்கட். கை காஞ்சுதான் இருக்குது."

உள்ளே தறியில் சந்தன நிறப் புடவை, முக்கால்வாசி முடிந்திருந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அதுவும் பொறுக்கவில்லை எனக்கு. "நெசவு இங்க கொஞ்சம் தளர்ச்சியா இருக்குதே?" என்று இல்லாத குறையைக் காட்டிக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்தால் அதே இடத்தில் கறுப்பாக ஓர் எண்ணெய் வட்டம்.

"ஐயோ மாமா!"

கஸ்தூரி முகப்பவுடர் டப்பாவோடு ஓடி வந்தாள். எண்ணெயை உறிஞ்சட்டும் என்று வட்டத்தின் மேல் பவுடரைக் கொட்டி மூடினாள். ஏகாம்பரம் தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி அந்த வெள்ளைக் குவியலையே பார்த்தார். இரண்டு மாத உழைப்பு. ஒரு கல்யாணப் பெண் கட்டப்போகிற புடவை.

"வடை துன்னவன் தானா கை கழுவிக்குவான் மாமா" என்றாள் கஸ்தூரி. "பிஸ்கட் துன்னவனைத்தான் கழுத்தப் புடிச்சுக் குழாய்க்குத் தள்ளணும். எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிஸ்கட் உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு எழுத்தில் பாமாயில், தாவரக் கொழுப்பு. ரஸ்க் உறையிலும் அதே. என் கடையில் காலையில் ரஸ்க், பதினோரு மணிக்கு பஃப்ஸ், நாலு மணிக்கு கிரீம் பன், நடுநடுவே பிஸ்கட். எட்டு மாதமாக நெய்யை விட்ட பசிக்கு இவற்றைத்தான் கூடுதலாகத் தின்றிருக்கிறேன், பத்தியம் இருக்கிற நினைப்பில்.

அரை மணி கழித்துக் கஸ்தூரி பவுடரைத் தட்டினாள். லேசாக வட்டம் தெரிந்தது. மறுபடி கொட்டினாள். இன்னும் அரை மணி நேரம். இந்த முறை தட்டியபோது சந்தன நிறம் மட்டுமே இருந்தது.

"கறை போச்சு" என்றார் ஏகாம்பரம். பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு எந்த பவுடர் போடறதுன்னுதான் தெரியல சகலை."

கிளம்பும்போது கஸ்தூரி மீதி பிஸ்கட்டை என் பையிலேயே திணித்தாள். "தறி இருக்கிற வீடு, கோச்சிக்காதீங்க."

மாலை வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டை டிக்கெட்டின் மேல் வைத்து அழுத்தினேன். தாமல் வந்தபோது டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்தேன். எண்ணெய் ஊறிய இடத்தில் ஏரியின் வெளிச்சம் தெரிந்தது. சகலை மேல் எரிச்சல் இன்னும் இருந்தது. இப்போது வேறு காரணம். அவர் பட்டுப் புடவையைத் தொட வருகிறவனைக் குழாயடிக்குத் துரத்த வீட்டில் ஆள் இருக்கிறது. என் கடைக்குள் பன்னோடு வருகிற பேக்கரிப் பையனை நான் எட்டு மாதமும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

மனைவிக்குப் போன் செய்தேன். "உன் தங்கச்சி வீட்டுக்காரரு நெய்யில முங்கலடி. ஒரே ஒரு கரண்டிதான். பார்த்துட்டேன்."

"சரி. அப்ப நீங்க எதுல முங்கினீங்க?"

டிக்கெட் இன்னும் கையில் இருந்தது. "வீட்டுக்கு வந்து காட்டறேன்" என்றேன்.