எங்கள் பிதாவும் உங்கள் தந்தையும்

உலகம் உண்டான நாள்முதல் இன்றுவரை எங்கள் தெருத் தையல் அத்தைக்கு நிகராக ஊசி பிடித்தவர் ஒருவரும் இல்லை. ஏதேனில் அத்தை மட்டும் மெஷின் போட்டிருந்தால் ஆதாமுக்கு இலையுடை கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். கடவுள் மெனக்கெட்டுத் தோலுடை செய்துகொடுக்க வேண்டி வந்திருக்காது. என்ன, சொன்ன தேதிக்குக் கொடுத்திருக்க மாட்டாள், அவ்வளவுதான்.

கடை ஒரே அறை. மெஷின், துணி வெட்டும் மேசை, கை வைக்காமல் தொங்கும் பள்ளிச் சட்டைகள். அத்தையின் கழுத்தில் அளவுநாடா, உதட்டில் நாலு குண்டூசி. ஊசியைக் கடித்துக்கொண்டே வாடிக்கைக்காரர்களோடு சண்டை போடுவாள். ஒரு ஊசிகூடக் கீழே விழாது.

அத்தையின் அண்ணன் பஸ் டிரைவர். ஹாரனே தேவைப்படாத தொண்டை. இருவரும் ஒரே சபையில் வளர்ந்தவர்கள். கல்யாணம் ஆனதும் அத்தை மாமாவின் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனாள். அங்கேயும் இயேசுதான், இங்கேயும் இயேசுதான், வார்த்தைதான் வேறு. அண்ணனுக்குப் பிதா, அத்தைக்குத் தந்தை. அண்ணனுக்குப் பரமண்டலம், அத்தைக்கு விண்ணகம். அவர் செய்வது ஜெபம், இவள் செய்வது செபம்.

ஆறு வருடத்துக்கு முன் அவர்களுடைய அப்பாவை அடக்கம் செய்தபோதுதான் வினை வந்தது. குழியருகே எல்லாரும் சேர்ந்து, இயேசு சொல்லிக்கொடுத்த அந்த ஒரே ஜெபத்தை ஆரம்பித்தார்கள். அண்ணன் 'பரமண்டலம்' என்றார். அத்தை 'விண்ணகம்' என்றாள். அவர் குரலை ஏற்ற, இவளும் ஏற்ற, கல்லறைத் தோட்டம் ஏலக்கடை ஆகிவிட்டது.

"அப்பாவுக்குத் தெரிஞ்ச ஜெபத்தைச் சொல்லு!" அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"அப்பா இப்ப எதைக் கேட்டுக்கிட்டிருக்காருன்னு உனக்கு லெட்டர் வந்துச்சா?"

அன்றோடு பேச்சு அறுந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே எட்டு வீடுதான். அந்த எட்டு வீட்டைத் தாண்ட ஆறு வருடம் போதவில்லை.

இந்த வருடம் அண்ணனின் தொண்டையில் ஒரு கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதுவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் அத்தையின் கடைக்கு ஒரு சீட்டு வந்தது. கொண்டுவந்தது அண்ணன் மகள். குணத்தில் தங்கம், அழகிலும் குறைவில்லை. அவளைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

'வா. எனக்காகச் செபம் செய்.'

அத்தை இரண்டு தடவை படித்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுருண்டையில் குத்தினாள்.

"உங்கப்பாவா எழுதினாரு?"

"ஆமா அத்தை. கண்ணீர் விட்டுக்கிட்டே எழுதினாரு."

"ஓ, கண்ணீரு வேறயா!" என்றாள் அத்தை. கடையைப் பூட்டினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே பயம்: அத்தனை நோயாளிகள் பார்க்க அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால்? அப்புறம் நாளைக்கு அந்தக் குரல் போய்விட்டால், கடைசியாகக் கேட்டது கல்லறைத் தோட்டத்துக் கத்தல்தான்.

அண்ணன் திரும்பிப் படுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, கட்டிலில் கொஞ்சம் இடம் விட்டார். அத்தை உட்கார்ந்து கண்ணை மூடினாள். இன்றைக்கு விட்டுக்கொடுப்பது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தாள். சின்ன வயதில் படித்ததுதானே?

"பரமண்டலங்களில்..." என்று ஆரம்பித்துவிட்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். 'ப'வுக்கு உதடு ஒட்ட வேண்டும். அண்ணனின் உதடு ஒட்டவில்லை. கீழுதடு பல்லைத் தொட்டது. 'வி'!

சத்தமே இல்லாமல் அவர் விண்ணகத்துக்குப் போய்விட்டிருந்தார்.

அத்தை அவசரமாக 'விண்ணக'த்துக்கு மாறினாள். அதே நேரம் அவர் உதடு 'ப' என்று ஒட்டியது. இவள் திரும்பிப் பரமண்டலம் வந்தால் அவர் மறுபடி விண்ணகம். விட்டுக்கொடுப்பதிலும் முட்டிக்கொண்டார்கள். அண்ணனின் தோள் குலுங்கியது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

நர்ஸ் ஓடி வந்தார். "அவரு சிரிக்கக் கூடாதும்மா! நீங்க கிளம்புங்க."

"ஒரு நிமிஷம் சிஸ்டர். ஆண்டவர்கிட்ட பேச்சு பாதியில நிக்குது."

அதன்பின் இருவரும் எதையும் சொல்லவில்லை. அத்தை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கியர் போட்டுக் காய்த்த கை, ஊசி குத்திக் காய்த்த கை. கடைசியில் அவள் "ஆமென்" என்றாள். அவர் உதடு சரியாக 'மெ'வில் ஒட்டியது. அந்த வார்த்தைக்கு இரண்டு வீட்டிலும் ஒரே எழுத்து.

குரல் வந்தது. நைந்த துணியைக் கிழிப்பதுபோல் கரகரவென்றுதான் வந்தது. தங்கையிடம் அவர் பேசிய முதல் வார்த்தை:

"ஆறு வருஷத்துக்கு முன்ன குடுத்த என் சட்டை தச்சாச்சா?"

இவ்வளவையும் நான் எழுதி வெட்டு மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனது தப்பாகிவிட்டது. திரும்பி வந்தபோது அத்தை முழுவதையும் படித்து முடித்திருந்தாள், உதட்டில் நாலு ஊசியோடு.

"அண்ணன் மக தங்கமா? அழகு வேறயா?"

மெஷின் டிராயரைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்துப் போட்டாள்.

"எங்கண்ணன் தூக்கத்துல எழுதினாலும் 'ஜெ' போட்டுத்தான் எழுதுவாரு. என்னை மயக்கணும்னு எங்க எழுத்தைப் போட்ட பாரு, அங்கதான்டி மாட்டின, திருட்டுக் கழுதை."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"பின்ன? ஆறு வருஷமா ஒரு சாக்கு கிடைக்காதான்னு இருந்தவ நான்."

ஊசி ஒன்றுகூட விழவில்லை.