லைனுக்கே கால் வலி

ஒரகடத்துக் கம்பெனியில் அப்பா வேலை பார்த்த அசெம்பிளி லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி தின்ற மறுநாள், வேன் பிடித்து எல்லோரும் எங்காவது போவார்கள். மற்ற லைன்காரர்கள் புத்தியுள்ளவர்கள், மாமல்லபுரம் போனார்கள். எங்கள் ஆட்கள் அந்த வருடம் ஜவ்வாது மலையில் நடப்பது என்று முடிவு செய்தார்கள்.

அப்பாவுக்கு அப்போது இளைப்பு. ஆடி மாதம் வந்த காய்ச்சல் போய்விட்டது, மூச்சு வாங்குவது மட்டும் போகவில்லை. கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. யாரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர். அவரும் மலைக்கு வருகிறார். போகாவிட்டால் உடம்பு முடியவில்லை என்று தெரிந்துவிடும். போனால் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும். இதெல்லாம் பின்னால் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா என்னையும் கூட்டிப் போகிறார் என்பதுதான்.

மலை என்றால் மரமும் நிழலும் என்று நினைத்திருந்தேன். இதுவோ மொட்டைப் புல்மேடு. இடுப்பளவு புல், அடியில் உருளும் கல், ஓயாத காற்று. ஒரு மேட்டில் ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு நிற்கும். "இதான் கடேசி" என்று வழிகாட்டி ஒவ்வொரு மேட்டிலும் கூசாமல் பொய் சொன்னார்.

முதல் மேட்டின் பாதியிலேயே அப்பா நின்றார். "பாப்பாவுக்குக் கால் நோவுதாம். கொஞ்சம் குந்திட்டுப் போலாம்."

எனக்கு வந்ததே கோபம். ஓட்டப்பந்தயத்தில் கிண்ணம் வாங்கியவள் நான். "எனக்கு ஒண்ணும் நோவல. அப்பா பொய் சொல்றாரு" என்று மலைக்கே கேட்கும்படி சொன்னேன். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று போல்ட் முடுக்கும் திருநெல்வேலி அண்ணன் பொத்தென்று புல்லில் உட்கார்ந்தார். "எனக்குல்லா கால் கடுக்கு. செத்த இருந்துட்டுப் போவோம் பாப்பா."

லைனில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுப்பார். விளக்கு எரியும், மொத்த லைனும் நிற்கும், யாரும் அவரை முறைக்கக் கூடாது. அன்று மலையில் ஆளாளுக்குக் கயிறு இழுத்தார்கள். ஒருவருக்கு முட்டி, இன்னொருவருக்குச் செருப்புக் கடி. அப்பா ஒவ்வொரு முறையும் பாறையில் சாய்ந்துகொள்வார். மூச்சு சீரான பிறகு, "இன்னாப்பா உங்களோட ரோதனை" என்று அலுத்துக்கொள்வார். அந்த அண்ணனை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

கடைசி மேட்டுக்குக் கீழே சூப்பர்வைசரே நின்றுவிட்டார்.

"இன்னா பாப்பா, கால் நோவுதா?"

"நோவல சார்."

"நோவும். உக்காரு."

அவரும் உட்கார்ந்தார். அப்பாவின் பக்கம் பார்க்காமலே தண்ணீர் பாட்டிலை அவரிடம் நகர்த்தினார். பிறகு வந்த ஆள்குறைப்பில் அப்பாவின் பெயர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். "அப்பா லைனுல ஒருத்தருக்கும் கால் சரியில்லம்மா. சூப்பர்வைசர் சார்தான் ரொம்ப மோசம்."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் அப்பா கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, மொத்த லைனுக்கும் மசால் வடை சுட்டு ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினாள். நடக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் வடை. எல்லா மேட்டிலும் முதலில் ஏறிய எனக்கு இட்லி. அம்மாவுக்கு நியாயமே தெரியவில்லை என்று அன்று முழுவதும் அவளோடு பேசாமல் இருந்தேன்.